சீட்டுக்குள்ளிருந்து ஒரு கை

ஆய்வகத்து இரும்பு அலமாரியைத் திறந்ததும் ரெக்சின் வாசனை முகத்தில் அடித்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அலமாரி வேண்டுமாம், காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நீ மாட்டிக்கொண்ட அந்தச் சாம்பல் நிற சீட் உறை அடித்தட்டில் மடித்தபடியே இருந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். ரெக்சினுக்கு அடியில் உன் பவுடர் வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதடி. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நாம் செய்த கூத்தை வெளியே சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் கார் நம்மூர்த் தெருவுக்கு வந்தால், நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் அதன் முன்னால் என்ன செய்வார்கள்? இதுதான் நம் இருவரின் முனைவர் பட்ட ஆய்வு. நடப்பவர்கள் எனக்கு, சைக்கிள்காரர்கள் உனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டோம். ஆனால் தானே ஓடும் காருக்கு நாம் எங்கே போவது? ஓட்டுகிறவரையே சீட்டைப் போல உறை போட்டு மறைத்துவிட்டால் கார் காலியாகத் தெரியும், வெளிநாடுகளில் இப்படித்தான் செய்து பார்க்கிறார்கள் என்றார் நம் வழிகாட்டி. நீ உடனே உங்கள் வீட்டுப் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினாய். நம் ஆய்வகத்தில் சீட் உறைக்குள் அடங்குகிற உயரம் உனக்கு மட்டும்தான் இருந்தது.

பம்மலில் சீட் கவர் தைக்கிற அண்ணன் உன்னை மேலும் கீழும் பார்த்தது நினைவிருக்கிறதா? “சீட்டுக்கு அளவு எடுத்துக்கீறேன். சீட்டுக்குள்ள உக்கார்ற ஆளுக்கு எப்டிம்மா எடுக்கறது?” என்று தலையைச் சொறிந்தார். “என்னையே சீட்டுன்னு நினைச்சுக்கோங்கண்ணா” என்று நீ கையை ஒடுக்கிக்கொண்டு நின்றாய். கண்ணுக்கு நேராக ஒரு கருப்பு வலை வைத்துத் தைத்துக் கொடுத்தார். உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் நனைந்துபோய் வெளியே வருவாய். அப்போதும் முதலில் கேட்பது, “யாராவது பயந்தாங்களாடி?” என்றுதான்.

கூடுவாஞ்சேரியில் அந்தப் புது மனைப்பிரிவின் சங்கத்தில் அனுமதி வாங்கி, உள்தெருவில் மெதுவாக ஓட்டினோம். நான் ஒரு காம்பவுண்டு சுவர் ஓரம் கேமராவோடு நிற்பேன். கார் ஒழுங்காக நின்றது. ஆனால் ஆட்கள் கடக்கவில்லை. கார் அவர்களுக்காக நிற்கும், அவர்கள் காருக்காக நிற்பார்கள். ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்த்து, ஒரு கையசைப்பு வாங்கி, அப்புறம் காலை எடுத்து வைத்தே பழகியவர்கள் நாம். காலி சீட்டிடம் யார் என்ன வாங்குவது?

கோலமாவு விற்கிற அண்ணன் வந்தது அப்படி ஒரு நாளில்தான். பின்னால் மூட்டையோடு சைக்கிளில் வந்தவர் காரைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். “இன்னாடா இது, உள்ள ஆளே இல்ல, வண்டி மட்டும் நின்னுகினு கீது!” என்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் நகரவில்லை, நீயும் நகரவில்லை. என்ன வந்தாலும் உறைக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்கக்கூடாது என்பது நமக்கிருந்த ஒரே சட்டம். நீதான் அதைக் காகிதத்தில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டியும் வைத்திருந்தாய். எருமை, அதே நீதான் கையை எடுத்தாய். சாம்பல் சீட்டின் பக்கவாட்டிலிருந்து ஒரு கை முளைத்து, போங்கண்ணா என்று அசைந்தது.

“ஐயோ, சீட்டு கை காட்டுதுப்பா!” என்று அவர் அலறினார். ஆனால் பழக்கம் விடுமா? அலறிக்கொண்டே பதிலுக்குத் தானும் ஒரு கையைத் தூக்கிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். சிரித்த சிரிப்பில் என் கையிலிருந்த கேமரா ஆடி, அவர் பாதித் தெருவில் இருக்கும்போதே பதிவு நின்றுபோனது.

நீ உறையை உரித்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினாய். “அண்ணா, இது ஆராய்ச்சி. உங்க முகம் வீடியோவுல விழுந்திருக்கு. எங்க படிப்பு முடிஞ்சதும் கண்டிப்பா அழிச்சுடுவோம்” என்றாய். எல்லோரிடமும் நீதான் இதைச் சொல்வாய், என்னை நம்பி விடமாட்டாய். “அழிச்சிடும்மா. சீட்டைப் பாத்து பயந்துட்டேன்னு வூட்ல தெரிஞ்சா மானம் போயிடும்” என்றார் அவர். நீ இரண்டு பொட்டலம் கோலமாவு வாங்கினாய். கெட்டுப்போன ஓட்டம், கணக்கில் சேர்க்காதீர்கள் என்று வழிகாட்டி சார் கடிந்துகொண்டார். வெளியே வந்ததும், “நின்னா மட்டும் போதாதுடி, போங்கன்னு சொல்லவும் தெரியணும். அதைத்தான் இந்த வண்டிகளுக்கு நாம கத்துக்கொடுக்கணும்” என்றாய். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முழுக்க அந்தப் பேச்சுதான்.

அந்த வருஷம் மழை விட்டதும் டெங்கு வந்தது. சாதாரணக் காய்ச்சல், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்விடுவேன் என்றுதான் என்னிடம் சொன்னாய். அந்த ஞாயிறு உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். உன் ஆய்வு பாதியில் நிற்கிறது. எனக்கு மட்டும் போன வாரம் பட்டம் கிடைத்துவிட்டது. எல்லோரும் கைகுலுக்கும்போது எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

பட்டம் வந்துவிட்டால் பதிவுகளை அழிக்க வேண்டும். மற்றதையெல்லாம் அழித்துவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் முடியவில்லை. மற்ற எதிலும் நீ இல்லை, அதில் மட்டும்தான் இருக்கிறாய், அதுவும் ஒரு கை அளவுக்கு. தயங்கிக்கொண்டிருக்கும்போதே சேலையூரிலிருந்து உன் அம்மா வந்தார்.

“அவ ஓட்டுற வீடியோ இருக்குன்னு சொன்னியேம்மா. அவ ஓட்டும்போது நான் எப்பவும் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். எதிர்ல நின்னு பார்த்ததே இல்ல. என் போன்ல ஏத்திக் கொடுத்துடு” என்றார்.

போட்டுக் காட்டினேன். காலி சீட், கோலமாவு அண்ணன், பிறகு உன் கை. ஆன்ட்டி திரையை விரலால் தொட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை முடிந்ததும் சொல்லிவிட்டேன்: “போன்ல தர முடியாது ஆன்ட்டி. இதுல அவர் முகம் இருக்கு. அழிச்சுடுவோம்னு அவகிட்ட வாக்கு வாங்கிட்டுப் போனாரு.”

“யாரு, இவளா சொன்னா?”

“அவதான் ஆன்ட்டி.”

ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து மாட்டிக்கொண்டார். “அப்ப அழிச்சுடணும். எதை அழுத்தணும்னு காட்டு, நான் செய்றேன்” என்றார். காட்டினேன். அழுத்தினார். திரை வெறுமையானதும் என் பக்கம் திரும்பி, “அந்தத் தம்பி நடு ரோட்டுல நிக்கறப்பவே நின்னுபோச்சே, பத்திரமா தாண்டிட்டாரா?” என்று கேட்டார்.

“தாண்டிட்டாரு ஆன்ட்டி” என்றேன். அதற்கு மேல் இருவராலும் தாங்க முடியவில்லை.

இப்போது அந்தக் கையசைப்பு எங்கள் இருவர் நினைவிலும்தான் இருக்கிறது, வேறு எங்கும் இல்லை. மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். வலது கை. மணிக்கட்டில் வாட்ச் பட்டை தளர்ந்து தொங்கியது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. விரல்கள் சேர்ந்து, அவசரமே இல்லாமல், அவரும் இப்போது நாங்களும் கடக்க வேண்டிய பக்கமாக ஒரு தரம் அசைந்தன.