பனியாற்றங்கரையில் ஒரு சப்பாத்து

12 ஏப்ரல் 1934, வியாழன். பத்து பாகாட், மலாயா.
இவருடைய உத்தியோகம் இன்றோடு முடிந்தது. இவர் வேலை பார்த்த காணிக் கந்தோரில் மாலை போட்டு, ஒரு மேசை மணிக்கூடும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதை வைக்க இடம் தேடி வீடு முழுக்க நடந்துகொண்டிருந்தவரிடம், "இனியாவது லெடாங் மலை அருவிக்குப் போவமே?" என்று கேட்டேன்.

"பிறகு பாப்பம்."

கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய மாதமும் இதே பதில்தான். இருபத்தெட்டு வருஷமாகிறது. அருவி அங்கேயேதான் இருக்கிறது. எனக்குத்தான் முழங்கால் நோகத் தொடங்கிவிட்டது.

24 மே. சிங்கப்பூர்.
கப்பல் ஏறிவிட்டோம், டொக்டர் பரீட்சை பாஸ் பண்ணிய மகனைப் பார்க்க லண்டனுக்கு. நாலு பெட்டியை இவர் ஏழு தடவை எண்ணினார்.

2 ஜூலை. லண்டன்.
மகன் அம்பிகைபாகன் எங்களுக்கு நோர்வே போகும் உல்லாசக் கப்பலில் இடம் எடுத்து வைத்திருக்கிறான். "கப்பல் நிக்கிற ஓரிடத்தில பனியாறு இருக்கம்மா. உறைஞ்சபடியே மலையால இறங்குது. கிட்டப் போய்த் தொடலாம்."

தொடலாமாம்! மரத்தூளுக்குள் புதைத்து விற்கும் ஐஸ்கட்டியைத் தவிர நான் எதைக் கண்டேன்? கைலாயத்துக்கு இந்தப் பிறவியில் போகப் போவதில்லை. இதையாவது தொட்டுவிட வேண்டும்.

11 ஜூலை. கப்பலில்.
வழிகாட்டியோடு பனியாற்றுக்குப் போகிறவர்கள் பெயர் எழுதும் தாள் மூன்று நாளாகச் சாப்பாட்டறை வாசலில் தொங்கியது. மூன்று நாளும் இவர் அதை நின்று வாசித்தார். "பிறகு எழுதுவம்." இன்று தாளைக் கழற்றிவிட்டார்கள். இடம் நிரம்பிவிட்டதாம்.

என்னத்தைப் பேசுறது? அந்த முகத்தைப் பாக்கவே பிடிக்கேல்ல. ஒரு பேரை எழுத ஏலாதே இந்த மனுசனுக்கு?

நாளைக்கு நான் தனியாகப் போகிறேன்.

12 ஜூலை.
குடை, கம்பளிச் சால்வை, விபூதிப் பை. கரைக்குப் போகும் படகில் உட்கார்ந்தேன். பின்னால் யாரோ இருமினார்கள். இவர்தான்! கோட்டும், கொண்டுவந்த ஒரே சோடிக் கறுப்புச் சப்பாத்தும். "கடைசிப் படகு நாலு மணிக்கு. பிந்தினா கப்பல் நிக்காது" என்றார். அவ்வளவுதான்.

வழிகாட்டியின் கூட்டம் முன்னமே போய்விட்டது. புல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கையால் மலையைக் காட்டினேன். அவள் ஒற்றையடிப் பாதையைக் காட்டினாள். ஒரே கல்லும் சேறும்.

ஒரு வளைவு திரும்பியதும் நின்றுவிட்டேன். எப்படி எழுதுவது? மலையின் இடுக்கு முழுவதும் பனி. வெள்ளையென்று நினைத்திருந்தேன், இல்லை, வெடிப்புகளுக்குள்ளே நீலம். வண்ணானுக்கு நீலம் கூடிப்போன வேட்டியின் நிறம். உள்ளே எங்கோ ஏதோ முறிந்து, அந்தச் சத்தம் பள்ளத்தாக்கு முழுவதும் உருண்டது. இவ்வளவு பெரிதாக ஒன்று இருக்குமென்று எனக்கு யாருமே சொல்லவில்லையே!

திரும்பிப் பார்த்தால் இவர் ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றுகிறார். உள்ளே போட்டிருந்த மேசோட்டையும்!

"என்னப்பா செய்யிறீங்கள்? கால் விறைச்சுப் போகும்!"

"கைலாயம் மாதிரிக் கிடக்கு, திலகம். சப்பாத்தோட நிக்கிறதே?"

வெறுங்காலோடு வந்து பனியில் நெற்றியை வைத்தார். நான் இரண்டு உள்ளங்கையையும் வைத்தேன். குளிர் சுட்டது. "நீர் வெளிக்கிட்டிராட்டி நான்..." என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடை பெருகும் என்று எங்களுக்கு யார் சொன்னது? திரும்பி வந்தால் கல்லைத் தண்ணீர் மூடியிருந்தது. ஒரு சப்பாத்து கரையில் ஒதுங்கிக் கிடந்தது. மற்றது போயே போய்விட்டது. மணி மூன்றேகால்.

என் சால்வையை அவர் வலது காலில் சுற்றிக் கட்டினேன். கல்லில் மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாலுபேர் பார்க்கும் இடத்தில் இதுதான் முதல் தடவை. கப்பல் ஊதியது. தூரத்தில் படகுக்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"நீர் ஓடிப் போய் ஏறும்! நான் எப்பிடியும் வருவன்!"

"ரெண்டு பேருமாத்தான்" என்று கையை விடாமல், குடையை ஆட்டிக் கத்தினேன். படகுக்காரன் நிமிர்ந்து பார்த்தான். கயிற்றை மறுபடி கட்டினான்.

13 ஜூலை.
கப்டனின் விருந்து. சப்பாத்து இல்லாமல் கோட்டு எதற்கு? இவர் பட்டு வேட்டி, சால்வை, நெற்றி நிறைய விபூதி, வெறுங்காலோடு உள்ளே போனார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும்தான். என்ன அழகு இந்த மனுசன்!

7 ஒக்டோபர், ஞாயிறு. பத்து பாகாட்.
விடியக் கண் விழித்தால் இவர் கன்வஸ் சப்பாத்தோடு கட்டிலருகில் நிற்கிறார். "எழும்பும், திலகம். லெடாங்குக்குக் கார் சொல்லியாச்சு."

"மழை வரும்போல கிடக்கு. பிறகு பாப்பமே?" என்றேன், வேண்டுமென்றே.

இவர் என் சப்பாத்தைத் தேடி எடுத்து வந்து காலடியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

கார் ஊதுகிறது. போகிறேன்.