பேத்தி முகத்தில் ஜன்னல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் முழங்காலும் ஏறக்குறைய நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய குட்டியின் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி ஃபிரேம் போட்டு வாங்கி வந்துவிட்டேன். அதை அம்மா கையில் பிடித்திருப்பதுபோல் ஒரு போட்டோ அனுப்புங்கள், குட்டிக்குக் காட்டுகிறேன் என்று கேட்டிருந்தாயே, அந்தக் கூத்தைக் கேள். விளக்குக் கடையிலேயே தலை நரைத்தவன், வெளிச்சத்தைப் பற்றி எனக்கா பாடம் என்று மார்தட்டிக்கொண்டுதான் உன் பழைய கேமராவை எடுத்தேன். ஃபிளாஷ் போட்டேன், குட்டி முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை உருண்டை. ஃபிளாஷை நிறுத்தினேன், கண்ணாடிக்குள் பனியனும் தொப்பையுமாக நானே நிற்கிறேன். அப்படியே தாத்தா ஜாடைதான் என்றாள் அம்மா. கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, டியூப்லைட்டையும் அணைத்துவிட்டு வந்தால், இப்போது ஜன்னல் முழுசாகக் குட்டி முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஃபிரேமை நிமிர்த்தி, மேல்பக்கத்தை என் பக்கம் கொஞ்சம் சாய்த்தால் ஜன்னல் போய்விடுகிறது. ஆனால் நான் கேமராவைத் தூக்குவதற்குள் ஃபிரேம் மறுபடி அம்மாவின் முழங்கை மடிப்பில் மல்லாந்து படுத்துவிடும். நேராகப் பிடிக்கத் தெரியாதா என்று கத்திவிட்டேன். தலை நிக்காத குழந்தையை யாராவது அப்படிப் பிடிப்பாங்களா என்றாள்.

உன் அப்பா டியூப்லைட் அல்லவா, அப்போதுதான் எரிந்தது. குட்டியைப் பார்க்க உன்னிடம் வரக் கிளம்பியவளிடம், இந்த முழங்காலோடு பயணமே கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மனசு சமாதானமாகிவிட்டது என்று நான்பாட்டுக்கு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஃபிரேமை வாங்கித் திருப்பி, பின்பக்கத்து ஆணிகளை நெம்பி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இனி உன் இஷ்டப்படி பிடித்துக்கொள் என்று கொடுத்தேன். படம் பளிச்சென்று வந்திருக்கிறது, இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மா கேமராவைப் பார்க்கவே இல்லை, அதற்கு என்னைத் திட்டாதே.

வேளைக்குச் சாப்பிடு, குட்டி தூங்கும்போது நீயும் தூங்கு. மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் எங்கள் ஆசிகள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கண்ணாடியைத் திரும்பப் போட அம்மா விடமாட்டேன் என்கிறாள், தொட்டுத் தொட்டுக் குட்டியின் ஒரு கன்னம் இப்போதே வெளுத்துவிட்டது. மறு கன்னமும் வெளுப்பதற்குள் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்.

இப்படிக்கு,
உன் டியூப்லைட் அப்பா