குவாரித் தண்ணீரைத் தெளிய வைத்தவளுக்கு

இன்று மத்தியானம் பெருமாநல்லூர் சாலையில் எனக்கு முன்னால் ஒரு லாரி போனது. லாரி நிறைய நனைந்த தென்னை நார்க்கழிவு. தார்ப்பாய்க்கு அடியில் பழுப்புத் தண்ணீர் ஒழுக ஒழுக, அந்தப் புளித்த மண் வாடை என் முகத்தில் வந்து அடித்தது. ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகியும் அது தணியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்துக் கிணறு கெட்டுப்போன வருஷம். மேட்டில் இருக்கும் குவாரியில் ஆழமாக வெடி வைத்து, ஜல்லிக்கு ஆகாத கல்லையெல்லாம் எங்கள் வேலியோரம் மலையாகக் கொட்டியிருந்தார்கள். மழை பெய்ததும் அந்தக் கல்மேட்டின் அடியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர் கசிந்து கிணற்றில் இறங்கியது. மாடு வாய் வைக்க மறுத்தது. மோட்டார் குழாய் அரித்து ஓட்டையானது. கேட்கப் போன அப்பாவையும் என்னையும் குவாரி முதலாளி வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"எல்லாம் சாயப்பட்டறைத் தண்ணிங்க அம்மிணி. நம்ம கல்லு என்னங்க பண்ணும்?"

திருப்பூரில் எந்தத் தண்ணீர் கெட்டாலும் சாயத்தின் மேல் பழியைப் போட்டால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நீ வேலை பார்த்ததே ஒரு சாயப்பட்டறையின் பரிசோதனைக் கூடத்தில்தான். கல்லூரியில் ஒரே பெஞ்சில் நுண்ணுயிரியல் படித்தோம். நான் பனியன் கம்பெனியில் தரம் பார்க்கப் போய்விட்டேன். நீதான் படித்ததை விடவில்லை. விஷயத்தைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமையே, சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு பஸ் ஏறி வந்து நேராகக் கல்மேட்டில் ஏறினாய். ஒரு கல்லை உடைத்து உள்ளே மஞ்சளாக மினுங்கிய ரேகையைக் காட்டினாய்.

"ஏட்டி, இது சாயம் இல்ல. கல்லுக்குள்ள இரும்பும் கந்தகமும் சேந்து கெடக்கு. காத்தும் தண்ணியும் பட்டதும் ஒரு பாக்டீரியா அதத் தின்னு பெருகுது. அதுல வார அமிலம்தான் இது. சுரங்கம் இருக்க ஊர்ல இப்படித்தான் ஆறே செத்துப்போவுது."

"சுண்ணாம்பு போட்டாச் சரியாயிடாதா?" என்றேன்.

"வந்த அமிலத்துக்குச் சுண்ணாம்பு சரி. ஆனா அது வந்துக்கிட்டேல்லா இருக்கும்? அந்தப் பாக்டீரியாவ அடக்கணும்."

அதை அடக்க நீ எடுத்தது காங்கேயம் பக்கம் கயிறு ஆலை வாசல்களில் மலையாகக் கிடந்த நார்க்கழிவை. முதலில் நிலக்கடலைத் தோலையும் சேர்த்துப் பார்த்தாய். அது பூஞ்சை பிடித்து நாறியது. திருப்பூர் ராயபுரத்தில் உங்கள் வாடகை வீட்டில், உன் அம்மாவின் தையல் மிஷினுக்கு அடியிலெல்லாம் பாட்டில்கள். "கல்யாணம் பண்ற வயசுல கல்ல ஊறப்போட்டு உக்காந்திருக்கா பாரு" என்று அம்மா என்னிடம் முறையிடுவார். நீ சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டிலைக் குலுக்குவாய்.

பாட்டிலில் தேறியதைக் கல்மேட்டில் செய்தோம். அப்பாவும் நானும் கூடையில் சுமந்து கொடுக்க, மேட்டின் ஒரு பாதியை மட்டும் நார்க்கழிவால் கனமாக மூடி நனைத்து வைத்தாய். "மக்கும்போது இது காத்த எல்லாம் இழுத்துக்கிடும். கல்லுக்குக் காத்து போவாது. இதுல ஊறி இறங்குத சாறும் அந்தப் பாக்டீரியாவுக்கு ஆவாது" என்றாய். அடுத்த மழையில் மூடாத பக்கம் பழையபடி ஆரஞ்சாக ஒழுகியது. மூடிய பக்கம் வெளிறிய டீத்தண்ணீர்போல வந்தது. அமிலம் பெருமளவு குறைந்திருந்தது. சேற்றில் குதித்து, வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தாயே, அந்தச் சிரிப்பை நான் எங்கே தேடுவது?

ஊராட்சி அலுவலகக் கூட்டத்துக்கு இரண்டு பக்கத் தண்ணீரையும் தனித்தனி பாட்டிலில் கொண்டுபோனாய். குவாரி முதலாளி பாட்டிலைப் பார்க்கவே இல்லை. உன்னைத்தான் பார்த்தார்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"பொறந்ததே ராயபுரம்ங்க."

"அப்பா அம்மா?"

"தூத்துக்குடிப் பக்கம்."

"அதானே பாத்தேன். பொழைக்க வந்த பொண்ணு, சாயப்பட்டறைச் சம்பளம் வாங்குது. சாயம் இல்லீன்னுதானுங்களே சொல்லும்?"

கூட்டம் சிரித்தது. விசாரிக்க வந்திருந்த அதிகாரியும் சேர்ந்து சிரித்து, "குப்பையைப் போட்டுக் குப்பையை அடக்கறியாம்மா?" என்றார். திருப்பூரிலேயே பிறந்து, எங்கள் ஊர்த் தண்ணீருக்காகச் சேற்றில் இறங்கியவளை வந்தவள் என்றார்கள். எங்கிருந்தோ வெடிமருந்து கொண்டுவந்து எங்கள் கிணற்றைக் கெடுத்தவர் மண்ணின் மைந்தர்!

சில நாளில் நிலம் சமன் செய்கிறோம் என்று குவாரியின் பொக்லைன் வந்து நீ மூடியதையெல்லாம் வழித்துப் போட்டது. நீ வந்து பார்த்துவிட்டு, "மறுபடி போடுவோம்ட்டி" என்றாய். அவ்வளவுதான். அடுத்த மழைக்கு முன்னால் டெங்கு வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது நடப்பதைக் கேள். குவாரி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் வெளியூர் நிபுணர்கள் வந்தார்கள். பார்த்துவிட்டு அவர்கள் சொன்னதும் நார்க்கழிவுதான். போன மாதம் கல்மேட்டின் முன்னால் பந்தல் போட்டு, கல்வெட்டு வைத்து, 'இயற்கை முறையில் நீர்ப் பாதுகாப்பு' என்று விழா எடுத்தார்கள். அதே அதிகாரி அதே முதலாளிக்குச் சால்வை போர்த்தினார். உன் அம்மாவுக்கு அழைப்பில்லை. நான்தான் கூட்டிப்போனேன்.

மைக்கை வாங்கி உன் பெயரைச் சொன்னேன். இந்த நார்க்கழிவு மக்கி முடிந்தால் பாக்டீரியா திரும்பிவிடும், அடுத்த வருஷம் யார் போடுவீர்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாங்க அம்மிணி, உக்காருங்க" என்றார் முதலாளி. மைக்கை அணைத்துவிட்டார்கள்.

மைக் இல்லாமலே உன் அம்மா எழுந்தார். "பொழைக்க வந்தவன்னு எம்பிள்ளையச் சிரிச்சியளே. இன்னைக்கு அவ போட்டதத்தான போட்டிருக்கிய?"

பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை. உரிமம் புதுப்பிக்க, குவாரியால் தொந்தரவு இல்லை என்று அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் அன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அப்பா கையெழுத்துப் போடாமல் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுப் பந்தலை விட்டு இறங்கினார். அவர் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள்.

வருஷா வருஷம் மூடுவோம் என்று எழுதித் தர வேண்டும், கல்வெட்டில் உன் பெயர் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். இன்னும் இரண்டும் நடக்கவில்லை. குவாரியிலிருந்து நேற்றும் ஒருவரை அனுப்பினார்கள். "செத்தவங்க பேர வெச்சு எதுக்குங்க வம்பு, சமாதானமாப் போயிருங்க" என்றார்.

உன் நினைவைச் சாந்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லி எல்லோரும் எனக்கும் புத்தி சொல்கிறார்கள். நீ விட்டுப்போனதில் என் பங்கு சாந்தம் இல்லை. நேற்று வந்தவரிடம், "சமாதானம் ஆகமாட்டேனுங்க, போய்ச் சொல்லிருங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.