நேர்த்தி அரிசிக்கும் எடை உண்டு

மார்ச் 7, சனி

காலை நல்ல வெயில். பின்னேரம் ஒரேயடியாகக் குளிர்காற்று. துவைத்தது பாதி காயவில்லை.

வீட்டில் இருந்தவர்கள்: இவர், இவருடைய தமையன் (மல்கிரேவில் இருக்கும் அத்தான்), மச்சாள், மூத்தவள் அபி, சின்னவள் துளசி, நான். வேறு ஒருவரும் இல்லை. பிறகு "நான் அப்படிச் சொல்லேல்லை" என்று யாரும் சொல்லாமலிருக்க எழுதி வைக்கிறேன்.

அத்தான் தன் கரவனை, அந்தச் சில்லு வைத்த படுக்கை வீட்டை, கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரின் கேற்றை முக்கால்வாசி மறைக்கிறது. சிட்னிக் கோவில் தேருக்கு, பின்னால் சாமான் ஏற்றும் எங்கள் யூட் வண்டியில் கொளுவி இழுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. நாங்கள் நாலு பேரும் ரோட்டால். அத்தானும் மச்சாளும் பிளேனால் வந்து, அங்கே கரவனில் எங்களோடு தங்குவார்களாம்.

நான்: "எடை பாத்தனீங்களோ அத்தான்?"

அத்தான்: "மூண்டரைத் தொன் இழுக்கிற வாகனம் பிள்ளை. என்ர கரவன் மூண்டுக்கும் கீழ. நீர் சோத்தைக் கட்டும், காணும்."

எல்லாரும் சிரித்தார்கள். இவரும்.

சோறு கட்டுவேன். எடையும் பார்ப்பேன்.

மார்ச் 8, ஞாயிறு

மேகமூட்டம். விரதமில்லை. குசினி கழுவல்.

யூட் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எடைத் தகடு, கரவன் முன்பக்கத் தகடு, கையேடு. மூன்றையும் அகராதி வைத்துக்கொண்டு வாசித்தேன். விளங்காததை இரண்டாம் தரம். மூன்றாம் தரம் விளங்கியது.

இழுப்பது வேறு, சுமப்பது வேறு. கரவனைச் சில்லு சுமக்கும், யூட் இழுக்கும். ஆனால் கரவனின் மூக்கு, அதாவது முன் இழுகம்பி, யூட்டின் பின்கொளுவியில் குந்தியிருக்கிறதே, அந்தப் பாரம் யூட்டின் முதுகில். அது சுமை. எங்கள் நாலு பேரோடு, பெட்டி படுக்கையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும். மூன்றரைத் தொன் என்ற கதை அங்கே செல்லாது.

அபியிடம் சொன்னேன். "Mum, you're actually right," என்றாள். என்ன "அக்சுவலி"?

மார்ச் 10, செவ்வாய்

மழைத்தூறல். முருகனுக்குச் செவ்வரத்தைப்பூ ஏழு.

இவர் வேலை முடிந்து வந்ததும் வெயார்ஹவுஸ் பக்கம் இருக்கும் எடைமேடைக்கு யூட்டையும் கரவனையும் கொண்டு போய்த் தனித்தனியாக நிறுத்தோம். முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தார். கரவன் மூக்கின் பாரத்தை அதற்கென்று உள்ள சின்னத் தராசில் பார்த்தோம். இவருடைய கூட்டாளியிடம் இரவல்.

யூட், எண்ணெய் முட்ட, கூடாரப் பெட்டி, முன்கம்பி: 2400 கிலோ
நாலு பேர்: 270 (என் எடையை ஒளிக்கவில்லை)
கரவன் மூக்கு: 280
பைகள், ஐஸ் பெட்டி: 80
மொத்தம்: 3030
தகடு விடுவது: 3050

20 மிச்சம்! கரவனுக்கும் தண்ணீர்த் தாங்கி வெறுமையாக, அத்தானின் சமையல் கிடாரம், காஸ், படுக்கை எல்லாம் போட்டு அதே அளவுதான் மிச்சம். மட்டுமட்டு. ஆனால் சரி.

கற்பூரம் கொளுத்தினேன். இவர், "பாத்தீரே, அண்ணை சொன்னது சரி," என்றார். சரிதான் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 11, புதன்

சூடு. துளசிக்குப் பல் டொக்டர், 3.40. பருப்பு முடிந்தது.

சின்ன அறை கூட்டப் போனேன். கூட்டுமாற்றை அப்படியே போட்டுவிட்டு நிலத்தில் குந்திவிட்டேன்.

அரிசி!

108 கிலோ. பத்துக் கிலோப் பை பத்து, எட்டுக் கிலோவில் ஒன்று. எல்லாவற்றிலும் மஞ்சள்துணி கட்டி, சாமிப்படத்துக்குக் கீழே. இவருக்கு நிரந்தர விசா கிடைத்தால் சிட்னி முருகனின் அன்னதானத்துக்கு 108 கிலோ அரிசி என்று நான் வைத்த நேர்த்தி. படகில் வந்து எத்தனை வருடம் அந்தக் கடிதத்துக்குக் காத்திருந்தோம். போன மாதம் வந்தது.

அந்த அரிசி என் கணக்கில் இல்லை. அத்தான் கணக்கிலும் இல்லை, இவர் கணக்கிலும் இல்லை. ஒருவருக்கும் நினைவேயில்லை. ஏனென்றால் சாமிக்கென்று எடுத்துவைத்ததை வீட்டுச் சாமானோடு சேர்த்து எண்ணுவதில்லை. என் வரவுசெலவிலும் கோவிலுக்குப் புறம்பான பக்கம். அதே பழக்கத்தில் விட்டுவிட்டேன். யூட்டுக்கு அப்படிப் புறம்பான பக்கம் கிடையாது.

3030உம் 108உம்: மூவாயிரத்து நூற்றி முப்பத்தெட்டு. 88 கூட.

மார்ச் 12, வியாழன்

காற்று. குப்பைவாளி ரோட்டில் உருண்டது. வெள்ளைப்பூடு வாங்கவேண்டும்.

இவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். எழுதுகிறேன், மறக்க முன்னம்.

மச்சாள்: "நேர்த்திப் பொருளைத் தராசில வைக்கிறதே? ஐயோ, பாவமெல்லே!"

நான்: "கடைக்காரன் தராசில வைச்சுத்தானே மச்சாள் நூத்தியெட்டுத் தந்தவன்?"

அத்தான்: "சரி, அரிசியைக் கரவனில, கடைசிக் கட்டிலுக்குக் கீழ போடுங்கோ. பின்னுக்குப் பாரம் வைச்சா மூக்கு எழும்பும், யூட்டுக்குச் சுமை குறையும். பதினைஞ்சு வருசமா இழுக்கிறன்."

நான்: "கரவனுக்கும் அளவு தாண்டும். பின்னுக்குப் பாரம் கூடினா வால் ஆடும் அத்தான். பெரிய லொறி கடக்கேக்க ஆடத் தொடங்கினா யூட்டையும் சேத்துச் சுழட்டும்."

அத்தான்: "உமக்கு ஆர் உதெல்லாம் சொன்னது?"

நான்: "உங்கட கரவன்ர கையேடு. பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல் கிடந்தது."

அபி அறைக்குள் தலையணையை வாயில் வைத்துச் சிரித்தது கேட்டது.

அத்தான்: "முருகன்ர அரிசி. முருகன் பாப்பார்."

நான்: "நீங்கள் பிளேனில. பாக்கிறதெல்லாம் எங்களைத்தான் பாக்கவேணும்."

போன் கட்.

மார்ச் 13, வெள்ளி

வெயில். கோவில், மோதகம் 21. சக்கரை கொஞ்சம் கூடிவிட்டது.

இவர் நேற்றிலிருந்து முகம் தூக்கி வைத்திருக்கிறார். தேத்தண்ணி மட்டும். எனக்கு விளங்காமலில்லை. வேலையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். லீவு கேட்கவே பயந்து கிடந்த மனுசன், முதன்முதலாக ஒரு தூரப்பயணத்துக்கு நாள் குறித்திருக்கிறார். கரவன் சில்லைத் தினமும் கழுவுகிறார்.

சாப்பாட்டு மேசையில்:

"எனக்கு விசா தந்த முருகன் ரோட்டில விடுவாரே?"

"தந்த விசா ரோட்டில போகக்கூடாதெண்டுதான் சொல்லுறன்."

"அண்ணைக்கு முன்னால என்னை முட்டாளாக்கிப் போட்டீர்."

"நானும்தானே அரிசியை விட்டனான். மூண்டு பேருமா முட்டாள். அதில என்ன வெக்கம்?"

கதிரையை இழுத்துத் தள்ளி எழும்பினார். கொஞ்ச நேரத்தால் வந்து கேட்டார்: "அப்ப நேர்த்தி?"

அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே இரண்டு நாளாகச் சாமிப்படத்துக்கு முன்னால் இருந்து யோசித்திருந்தேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. நேர்த்தியை வைத்தது நான். எப்படிச் செலுத்துவது என்று அத்தானும் சொல்லத் தேவையில்லை, மச்சாளும் சொல்லத் தேவையில்லை. நான் சொல்கிறேன்.

அரிசி இந்த வீட்டிலிருந்துதான் போகவேண்டும் என்று நான் வேண்டவேயில்லை. 108 கிலோ, அன்னதானம், அவ்வளவுதான். பிள்ளைகளைச் சுழற்றிப்போட்டுத்தான் வாங்குவார் என்றால் அவர் என் முருகன் இல்லை.

மார்ச் 14, சனி

மழை வரும்போல. அரிசிப் பைகளை இங்குள்ள பிள்ளையார் கோவில் மடப்பள்ளிக்குக் கொண்டுபோய் இறக்கியாயிற்று. "நீர் சொல்லுற மாதிரியே செய்வம்," என்று இவர் தூக்கித் தந்தார். பதினொரு பையும் அவரே.

அத்தானுக்கு அனுப்பிய மெசேஜ். பிழை திருத்தி இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"அத்தான், கோவிக்காதேங்கோ. கோவிச்சாலும் இதுதான். சிட்னியில இறங்கினவுடன அங்கத்தைக் கடையில 108 கிலோ வாங்கி நானே கோவிலில குடுப்பன். நேர்த்தி குறையாது. வெளிக்கிடுற அண்டு எல்லாச் சாமானோடயும் எல்லாரும் ஏறினபிறகு எடைமேடையில நிறுப்பம். தகட்டுக்கு மேல ஒரு கிலோ எண்டாலும் இறக்குவம், அது உங்கட கிடாரமா இருந்தாலும். கரவன்ர கடைசிக் கட்டிலுக்குக் கீழ ஒண்டும் வைக்கேலாது. இது உங்களுக்குச் சரியில்லையெண்டா கரவனைத் திரும்பக் கொண்டு போங்கோ, நாங்கள் நாலு பேரும் பஸ்ஸில போறம். இவரும் சம்மதம். லீவுக்கும் டிக்கற்றுக்கும் நாள் கிட்டுது. ஓமோ இல்லையோ, கெதியாப் பதில் சொல்லுங்கோ."