கிளேபாங் காசு

காஜா பெராங், மலாக்கா
26.2.1958

அன்பு மகன் கருணாகரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. சிங்கப்பூரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ஆட்களோடு வருகிறேன், சுப்பையன் கையை எடுக்காமல் திரும்பமாட்டேன் என்று நீ எழுதியது முந்தாநாள் வந்தது. உன் மாமா தேவதாஸ் உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறான், மீதியையும் படித்துவிட்டு முடிவு செய்.

அப்பா பழைய காசு வாங்கித் தபாலில் சீமைக்கு விற்பது உனக்குத் தெரியும். கிளேபாங்கில் கால்வாய் வெட்டும் சுப்பையனுக்குப் பரங்கியர் காலத்துத் தகரக் காசு ஒரு சட்டி நிறையக் கிடைத்திருக்கிறது. கறுத்த தகரம், எடைக்குத்தான் போகும் என்று சொல்லி அப்பா ஒரு மூட்டை அரிசி விலைக்கு வாங்கினார். லண்டனில் அது பவுன் விலைக்குப் போனது, நம் வீட்டுப் புதுக்கூரை அந்தப் பணம்தான். போன மாதம் காசு சேர்க்கிற வெள்ளைக்காரத் துரை ஒருவர் கப்பலில் வந்து, இன்னும் கிடைக்குமா என்று கிளேபாங் முழுக்க விசாரித்து, தான் கொடுத்த விலையையும் சொல்லிவிட்டுப் போனார்.

பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் சுப்பையன் பாராங் கத்தியோடு வாசலில் வந்து நின்றான். முதலில் தணிவாகத்தான் கேட்டான், பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கத்தானே விற்றேன், பாதியாவது கொடுங்கள் அண்ணே என்றான். விற்றது விற்றதுதான், தோட்டக்காட்டுப் பயலுக்கு வியாபாரம் பேச வாய் வந்துவிட்டதா என்று அப்பா அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அவன் வெட்டினான். தடுத்த இடக்கையில் இரண்டு விரல் அங்கேயே விழுந்தது, அடுத்த வெட்டு தோளில். மாவு இடித்துக்கொண்டிருந்த நான் உலக்கையோடு ஓடிப்போய் அவன் பின்மண்டையில் அடித்தேன், அவன் சரிந்தான், பாராங்கும் கையை விட்டுப் போனது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மாமாவும் தெரு ஆட்களும் அவனை ரோட்டுக்கு இழுத்துப்போட்டு மிதித்தார்கள், சைக்கிள் சங்கிலியால் அடித்தார்கள், தண்ணீர் கேட்ட வாயிலேயே உதைத்தார்கள். நான் மேலே விழுந்து மறைத்தேன், என் முதுகிலும் அடி விழுந்தது. போலீஸ் வந்தபோது அவன் முகம் முகமாக இல்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் ஒரே வார்டில்தான் கிடந்தார்கள். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனால் எதிரே அவன் பெண்சாதி ருக்மணி கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பாள், அவன் ஒரு வாய் விழுங்கவில்லை. முந்தாநாள் உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் போனேன், அவன் கட்டில் காலி. நீ எடுக்கிறேன் என்ற கையை நேற்றுச் சுடுகாட்டில் எரித்துவிட்டார்கள் தம்பி.

முதலில் மண்டையில் அடித்தது யார் என்று இன்ஸ்பெக்டர் வந்து கேட்டார். தெரியாது என்று சொல்லச் சொல்லி அப்பா கண்ணைக் காட்டினார். நான்தான் என்றேன். என் புருஷனை வெட்டினவனை அடித்தேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. விழுந்த பிறகு அடித்தவர்கள் பெயரையும் சொன்னேன், என் கூடப்பிறந்தவன் பெயரையும் சேர்த்து. மாமாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், அப்பா என்னோடு பேசுவதில்லை. விற்காமல் மிச்சமிருந்த காசை ருக்மணியிடம் கொண்டுபோனேன், சட்டியோடு என் முகத்தில் எறிந்தாள், நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. கீழே கிடந்ததைப் பொறுக்கி அவள் வாசலிலேயே வைத்துவிட்டு, சீமைத் துரையிடம் நேராக விற்றுக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சுப்பையனின் தம்பி புக்கிட் காதிலில் ஆள் சேர்க்கிறானாம். நீயும் ஆள் கூட்டி வந்தால் அடுத்த பிணம் எந்த வீட்டில் விழும் என்று யாருக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஷரீஃபா அக்காதான் இப்போது நமக்கும் சேர்த்து உலை வைக்கிறார். நீ தனியாக வா, பகல் பஸ்ஸில் வா. வயிற்றுப்புண்ணோடு பட்டினி கிடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. யார் ரத்தமும் படாத கையோடு நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அம்மா
சிவகாமசுந்தரி