வேலியோரத்து இரண்டு தென்னைகள்

14 நவம்பர் 2025
அடுத்த வளவுத் தென்னை மட்டை மறுபடியும் என் குசினிக் கூரையில். ஓடு போச்சு. முப்பது வருடமாக அந்த வளவுக்காரர் பொன்னம்பலத்தோடு எனக்குக் கதை இல்லை. அவருடைய மகன் றொகான்தான் என் தம்பி பிரவீணனைப் போராட இயக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன். இருவருமே திரும்பவில்லை.

18 நவம்பர்
கிராம சேவையாளர் வந்து தீர்த்து வைத்தார். வேலியோரம் நிற்கிற இரண்டு தென்னையில் ஒன்றைத் தறிக்க வேண்டும். நான் காய்க்காத மரத்தைக் காட்டினேன். நியாயம்தானே? பொன்னம்பலம் பதறிப்போய்ச் சேவையாளரிடம், “உதிலை கை வைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ, ஐயா. மற்றதைத் தறிக்கிறன்” என்றார். மற்றது குலை குலையாய்க் காய்க்கிறது! இவருக்கு விசரா, இல்லை என்னைச் சீண்டுகிறாரா?

தறிக்க ஆள் 29ஆம் திகதி.

24 நவம்பர்
அக்கா அருந்ததி கனடாவிலிருந்து வந்திருக்கிறா. 27ஆம் திகதி மாவீரர் நாளுக்குப் போய்ப் பிரவீணனுக்குச் சுடர் ஏற்ற வேண்டுமாம். “நீ ஒருக்காலும் போகேல்லையோடா?”

போகவில்லை. யாருக்காகப் போவது? அவனைக் கொண்டுபோனவர்களுக்காகவா?

27 நவம்பர்
கோப்பாய். மாவீரர் கல்லறைகளை எப்போதோ இடித்துவிட்டார்கள், அங்கே படைமுகாம். எதிரே உள்ள காணியில்தான் சுடர் ஏற்றுகிறார்கள். மழை. சேறு. நான் வாசலோடு நின்றேன்.

மணி ஒலித்தது. அவ்வளவு சனமும் அப்படியே அடங்கிப்போனது — குழந்தைகள்கூட. பிறகு சுடர்கள், கண் எட்டுமட்டும். பிறகு அழுகை, மண்ணுக்குள்ளிருந்து எழும்புவதுபோல. எனக்குப் பக்கத்தில் ஒரு தாய் வெறும் நிலத்தைத் தடவி, “குளிருதோ, ராசா?” என்று கேட்டா. இத்தனை பேரா? ஒவ்வொரு வருடமுமா?

கூட்டத்துக்குள் பொன்னம்பலம். முன்னால் இரண்டு சுடர்.

“மாமா, மற்றது ஆருக்கு?” என்றா அக்கா.

“உங்கடை பிரவீணனுக்குத்தான், பிள்ளை. உங்கடை வீட்டிலையிருந்து ஒருத்தரும் வாறேல்லை. அவன் மட்டும் இருட்டுக்கை நிக்கிறதே?” என்னைப் பார்க்காமலே சொன்னார்: “முந்தி ஒரு மாவீரர் நாளிலை நினைவாத் தந்த தென்னம்பிள்ளையும் ரெண்டா வாங்கித்தான் வேலியோரம் வைச்சனான். றொகான்ரை காய்ச்சிட்டுது. இவன்ரைதான் இன்னும் காய்க்கேல்லை.”

தறிக்கச் சம்மதித்தது சொந்தப் பிள்ளையின் மரத்தை.

29 நவம்பர்
மரம் தறிக்கிறவர் கோடரியோடு வந்தார். திருப்பி அனுப்பினேன்.

“ஏன், தம்பி?” வேலிக்கு அப்பாலிருந்து.

“ரெண்டும் நிக்கட்டும், மாமா.”

12 டிசம்பர்
இரவு நல்ல காற்று. பிரவீணனின் மட்டை கூரையில் விழுந்திருக்கிறது. ஓடு மாற்ற வேண்டும்.