போதும் சொல்லாதவள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நானும் உன் மகளும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நீ வேலை பார்க்கும் வீட்டுப் பெரியவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு. இடுப்பை வளைக்காதே. சொன்னால் கேட்கமாட்டாய், தெரியும்.

போனில் பேச முடியாததால் எழுதுகிறேன். நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு சொல் தப்பாது.

முதலில் நல்ல செய்தி. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. படித்த படிப்புக்கு இல்லை. அவள் படிக்கும் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பரிமாறும் வேலை. தலைக்கு வலைத்தொப்பி, இடுப்பில் ரப்பர் துணி. கண்ணாடியில் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். பட்டம் வாங்கிய அன்று போட்ட தொப்பியைவிட இது எனக்கு எடுப்பாக இருக்கிறது.

சமையலறை நீளம், இருட்டு. விசிறி சுற்றும், ஆவியை வெளியே தள்ளாது. காலையில் உள்ளே போனால் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. மூத்த சமையல்காரம்மாவின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். முதல் நாள் அந்த அம்மா என்னை நிறுத்தி, "இங்க ஒரே சட்டம்தான். புள்ள போதும்னு சொல்ற வரைக்கும் ஊத்திக்கிட்டே இரு. கரண்டி உன் கையில, பிரேக்கு அதுங்க வாயில" என்றார்.

அதனால் மத்தியானம் முழுக்க என் காதில் அந்த ஒரு சொல்தான். சிலர் கத்துகிறார்கள். சிலர் தட்டின்மேல் விரல்களை விரித்து மூடுகிறார்கள். ஒருவன் தும்மலைப் போலச் சொல்கிறான். பெரிய வகுப்புப் பெண்கள் உதட்டை மட்டும் அசைக்கிறார்கள்.

உன் மகள் சொல்வதில்லை.

தட்டை நீட்டியபடி நிற்கிறாள். என்னைப் பார்ப்பதில்லை. சோற்றையே பார்க்கிறாள். குழம்பு விளிம்பைத் தொட்ட பிறகுதான் நகர்கிறாள். தின்று முடித்து மறுபடி வரிசையின் கடைசியில் வந்து நிற்கிறாள். சமையலறையில் அவளுக்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது. "அரவை மிஷின் வந்தாச்சு, பெரிய கரண்டிய எடு" என்று குரல் கேட்கும். "ஏம்மா, உங்க வீட்ல அடுப்பே பத்தவைக்க மாட்டியா?" என்று எனக்கும் ஒரு குத்து. நானும் சிரித்தேன். அத்தான் இறந்த பிறகு கொறித்துக்கொண்டு கிடந்த பிள்ளை, இப்படித் தின்கிறதே என்று இருந்தது.

இரவில் மட்டும் ஒன்றும் வேண்டாம் என்கிறாள். "வயிறு கல்லு மாதிரி இருக்கு சித்தி" என்கிறாள். மத்தியானம் அவ்வளவு தின்றால் அப்படித்தான் இருக்கும்.

உன் ஒப்பந்தம் முடிய இனி அதிக காலம் இல்லையே. வந்து பார். கன்னம் சதை பிடித்திருக்கிறது என்று எழுத ஆசை. இன்னும் பிடிக்கவில்லை. பிடிக்கும்.

இப்படிக்கு,
உன் தங்கை

*

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பயப்படாதே. இப்போது நன்றாக இருக்கிறாள். அதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

பரீட்சை விடுமுறை. பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. சனிக்கிழமை காலையில் குழாயடியில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். கீழ்வீட்டு அத்தைதான் தூக்கி வந்தார். "காத்தடிச்சாப் பறந்துடும் போல இருக்கே, என்னடி போடற இதுக்கு?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. நான் போடாமலா?

மருத்துவமனையில் நர்ஸ் கேட்டார், கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று. நேற்று ராத்திரி என்றேன். உன் மகள் தரையைப் பார்த்தாள்.

சாப்பிடவில்லை அக்கா. விடுமுறை தொடங்கியதிலிருந்தே இல்லை. தட்டில் போட்டதை, நான் முகம் திருப்பும்போது, பானையிலேயே திருப்பிப் போட்டிருக்கிறாள். குப்பையில் கொட்டவில்லை. பானையில். அரிசி டப்பாவை ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்ப்பாள். சர்க்கரை தேடுகிறாள் என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். அரிசி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்திருக்கிறாள்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஏன் என்று கேட்டேன். வெகுநேரம் செருப்பின் வாரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வீட்டு அரிசி தீந்தா அம்மா இன்னும் அங்கயே இருக்கணும்ல?" என்றாள்.

யார் சொன்னது என்றேன்.

"எல்லாரும்தான்" என்றாள். விரலை மடக்கினாள். கீழ்வீட்டு அத்தை. கடைக்காரர். ஹெட்மிஸ். "உன் வயித்துக்காகத்தான் உங்கம்மா அவ்ளோ தூரம் போய்க் கஷ்டப்படறா." நான்காவது விரல் நான். ஐந்தாவது விரலை மடக்காமல் பிடித்துக்கொண்டு, "அம்மாவும் போன்ல சொன்னா" என்றாள்.

நாம் எல்லோரும் சொல்கிற பேச்சுதான். வயிற்றுப் பிழைப்பு. ஒரு சாண் வயிறு. வயிறு என்ற ஒன்று இல்லாவிட்டால். சொல்லிச் சொல்லித் தேய்ந்து அதில் வயிறே இல்லாமல் போய்விட்டது. அவளுக்கு மட்டும் இருந்திருக்கிறது. அவளுடையது.

அப்படியென்றால் பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் அப்படித் தின்கிறாய் என்று கேட்டேன். என்னை ஒரு மக்கைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அது சும்மா தர்றது சித்தி. அதுக்கு யாரும் ஊருக்குப் போக வேணாம்" என்றாள். ராத்திரிக்கும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து, அங்கேயே தின்று வைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறாள். நாங்கள் பட்டப்பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அப்படியெல்லாம் இல்லை, அது பேச்சுக்குச் சொல்வது என்றேன்.

"பேச்சுக்குன்னா பொய்யா?" என்றாள்.

பொய் இல்லை என்றேன்.

"அப்ப நெசம்" என்றாள்.

நீ பேசு அக்கா. உன் வாயால் சொன்னால் நம்புவாள். ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதையும் சொல். ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் எதையும் தாண்டிவிடும்.

இப்படிக்கு,
உன் தங்கை

*

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதம் வந்தது. ஒருமுறைதான் படித்தேன். அதற்குப் பதில் கடைசியில் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் எல்லாம் மாறிவிட்டது. வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் சமைத்து வேனில் அனுப்புகிறார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, மூடி ஒட்டியது. எல்லோருக்கும் ஒரே அளவு. சுத்தம். சூடு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் பாத்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூத்த சமையல்காரம்மா சும்மா கிடக்கும் அடுப்புமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இனி நாம தபால்காரங்கடி. வாங்கினோம், குடுத்தோம், முடிஞ்சுது" என்றார். யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் தானே சிரித்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தார். வேலை போகவில்லை. பெட்டியை எடுத்துக் கொடுக்கிறோம். பிள்ளைகள் வாங்கிக்கொண்டு நகர்கிறார்கள். யாரும் எங்களிடம் ஒரு சொல்கூடப் பேச வேண்டியதில்லை.

இரண்டாம் முறை கிடையாது.

உன் மகள் முதல் நாள் நேராக வேன் டிரைவரிடம் போய், "மாமா, இதுவும் சும்மாதானே?" என்று கேட்டிருக்கிறாள். "உனக்கு சும்மா. எனக்கு இடுப்பு ஒடியுது" என்றாராம். வந்து சொல்லிச் சிரித்தாள். அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

பிறகு அவள் பையிலிருந்து நாற்றம் வந்தது. பெட்டியில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை மூடிப் புத்தகங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இரவுக்கு. வெயிலில் கிடந்து புளித்துப்போனதை, நான் துணி எடுக்க மாடிக்குப் போன நேரத்தில், கதவுக்குப் பின்னால் நின்று தின்றிருக்கிறாள். விடிய விடிய வாந்தி. அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் உள்ளங்கையை விடச் சின்ன நெற்றி.

நீ போனில் பேசியபிறகு சாப்பிடுவாள் என்று நம்பினேன். அன்று நீ அழுதுகொண்டே, "நீ ஒழுங்கா சாப்பிடு கண்ணு, அம்மா சீக்கிரம் வந்துடறேன்" என்றாய். அவள் முன்பாதியை விட்டுவிட்டாள். பின்பாதியை எடுத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் நீ சீக்கிரம் என்று ஒருநாளும் சொன்னதில்லையாம். வாய் கொப்புளித்துவிட்டு, கண்ணெல்லாம் சிவந்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தியா சித்தி, கொஞ்சமாச் சாப்பிட்டதும் அம்மா வர்றேன்னுட்டா" என்றாள்.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அக்கா. கணக்குப் பாடத்தில் விடை வந்ததும் வருமே, அது.

இந்த நேரத்தில்தான் உன் கடிதம். ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டுவிட்டேன், இன்னும் இரண்டு வருஷம் என்கிறாய். கீழே, "எல்லாம் அவ வயித்துக்காகத்தான்டி" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் மை பூசி அழித்தேன். இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.

வீட்டுக்குக் கூரை மாற்றியாயிற்று. எனக்கும் சம்பளம் வருகிறது. பிறகு எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்த ஊர் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை தனியாக நடந்துபோனதைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் மட்டும் உன் கையெழுத்து வேறு மாதிரி இருந்தது. படிக்கும் காலத்தில் எழுதுவாயே, அப்படி. வரிகள் நேராக, அவசரமில்லாமல். அதைப் பற்றியும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான் ஸ்பீக்கரில் போடமாட்டேன். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். இப்போதைக்கு வரமாட்டாய் என்பதை நீயே சொல். ஏன் என்று கேட்பாள். உனக்காக என்று மட்டும் சொல்லிவிடாதே. எனக்காகத்தான் வந்தேன், எனக்கு இங்கே பிடித்திருக்கிறது, அதனால் இருக்கிறேன் என்று சொல். பொய்யாக இருந்தால் பொய்யாகவே சொல்.

அழுவாள். உன்மேல் கோபம் வரும். போனைத் தூக்கி எறிவாள். எறியட்டும். ரொம்ப நாளைக்கு உன்னோடு பேசாமலும் இருக்கலாம். ஆனால் கோபம் வந்த பிள்ளைக்குப் பசிக்கும் அக்கா. அப்போது நான் பக்கத்தில் இருப்பேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஊர்க் காற்று உனக்கு ஒத்துக்கொள்ளட்டும். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை